உப்புத் தண்ணீரில் ஊறவைத்த சின்னக் கோழி: மொட்டை மாடியில் முழுசாகச் சுடுவது எப்படி

வீட்டில் முழுக்கோழி சுடலாம் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கையில் எடுப்பது தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும்தான். கெட்டியாகப் பூசி, கத்தியால் நாலு கீறு கீறி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் நெருப்பில் போடுவார்கள். என்ன ஆகும்? மேலே மசாலா கருகும், தோல் சவசவ என்று இருக்கும், நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் வறட்டுத்தனமாக வரும், உள்ளே உப்பே இருக்காது. மசாலாவில் குறை ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க வைத்தாலும் மிளகாயும் சீரகமும் கறிக்குள் போவதில்லை, மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். உள்ளே வரைக்கும் போகிற சாமான் உப்பு ஒன்றுதான். அதனால் உப்பை முதலில் உள்ளே அனுப்பிவிட வேண்டும், மசாலாவைக் கடைசியில் வெளியே நிறுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

உப்புத் தண்ணீரில் ஊறும்போது நடப்பது இதுதான். உப்பு மெதுவாகக் கறிக்குள் இறங்கி அங்கே இருக்கிற மயோசின் என்கிற புரதத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் உப்பி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாகச் சூடு ஏற ஏறச் சதை இறுகி, உள்ளே இருக்கிற சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய கோழியில் அந்த இறுக்கம் குறைவு. ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள், கூடியிருப்பது தெரியும். அந்தக் கூடுதல் ஈரம்தான் நெஞ்சுக்கறியைக் காப்பாற்றுகிறது, அஞ்சு நிமிஷம் கூட வெந்துவிட்டாலும் மன்னித்துவிடும்.

இப்போது கோழி வாங்குவது. பிராய்லர் என்றால் சுத்தம் செய்த பிறகு தோலோடு 800 கிராமிலிருந்து 900 கிராம், அதற்கு மேல் வேண்டாம். உயிர் எடை 1.2 கிலோ பக்கம் இருந்தால் சரியாக வரும். கடையில் 'தந்தூரி சைஸ்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். நம் ஊர்க் கடைகளில் பிராய்லர் என்றால் கை தானாகத் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடும், அதனால் கோழியைப் பிடிக்கும்போதே 'தோலோட, முழுசா, வெட்ட வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். தோல் இல்லாத கோழியை இந்த முறையில் சுடாதீர்கள். கொழுப்பு அந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது, அது உருகிக் கறியை நனைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை நெல்பேட்டையிலோ உங்கள் தெருமுனைக் கடையிலோ போய் இந்தப் பக்குவம் எல்லாம் கேட்டால் பின்னால் நிற்கிற பத்துப் பேரும் முறைப்பார்கள், சனிக்கிழமை சாயங்காலமே போய்விடுவது நல்லது. நம் வேலைக்கும் அதுதான் தோது. புரட்டாசியில் கடைக்காரருக்கு நேரம் நிறைய இருக்கும், இறகு மிச்சம் இல்லாமல் பொறுமையாகச் சுத்தம் செய்து தருவார்.

நாட்டுக்கோழியில் செய்யலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டை போட ஆரம்பிக்காத இளங்கோழியாக இருக்க வேண்டும். முட்டை போட்டு ஓய்ந்த கோழியையும் முற்றின சேவலையும் எவ்வளவு ஊறவைத்தாலும் நெருப்பில் இளகாது. அதன் தசைநார்கள் இளக நீண்ட நேரம் ஈரமான சூடு வேண்டும், உப்பு அந்த வேலையைச் செய்யாது. அவற்றைச் சாறுக்கும் குழம்புக்கும் விட்டுவிடுங்கள். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் வளர்கிற விடை கிடைத்தால், மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, தோலோடு வாங்கி வாருங்கள், சுவையில் பிராய்லர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மெல்லுவதற்குக் கொஞ்சம் பல் வேலை இருக்கும், அது அதன் குணம். காடையும் இதே முறைதான், நேரம் மட்டும் ரொம்பக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விலா எலும்போடு ஒட்டிக்கொண்டு சிவப்பாகப் பொறபொறவென்று இருப்பது நுரையீரல், நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுட்ட பிறகு கசப்பும் கவிச்சியும் அங்கிருந்துதான் வரும். வாலுக்கு மேல்புறம் மஞ்சளாக இரண்டு மணி இருக்கும், அது எண்ணெய்ச் சுரப்பி, அதையும் வெட்டி எறியுங்கள். உறைந்த ரத்தம் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது வெட்டு. முழுக்கோழியை உருண்டையாக அப்படியே நெருப்பில் வைத்தால் நெஞ்சு வெந்து முடிந்தும் தொடை வேகாது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கனமான கத்தரியால் வெட்டி எலும்பை எடுத்துவிடுங்கள், கடைக்காரரிடம் சொன்னால் இரண்டு போடில் முடித்துவிடுவார். கோழியை விரித்து, உள்பக்கம் கழுத்தோரம் வெள்ளையாகத் தெரிகிற குருத்தெலும்பில் கத்தி நுனியால் ஒரு கீறு போட்டுத் திருப்பி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். 'படக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கோழி தட்டையாகப் படுத்துவிடும். வெட்டிய முதுகெலும்பையும் கழுத்தையும் ரசத்துக்கு எடுத்து வையுங்கள். காடைக்கு இதெல்லாம் தேவையில்லை.

உப்புத் தண்ணீரின் கணக்கு: ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 15 கிராம் நாட்டுச்சர்க்கரை. ஒரு கோழிக்கு ஒன்றரை லிட்டர் போதும், ஆக 75 கிராம் உப்பு. தூத்துக்குடிக் கல் உப்போ தூள் உப்போ எதுவானாலும் சரி, ஆனால் தராசில் வைத்து நிறுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும், ஏனென்றால் கல் உப்பில் இடைவெளி அதிகம், ஒரே கரண்டியில் தூள் உப்பு அதிகம் பிடிக்கும். 'முட்டை மிதக்கிற பதம்' என்று ஊறுகாய் போடுகிறவர்கள் சொல்வது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பு, அதில் கோழியை ராத்திரி முழுக்கப் போட்டால் கருவாடுதான் கிடைக்கும். சர்க்கரை இனிப்புக்கு இல்லை, தோல் நன்றாகச் சிவப்பதற்கு. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஏரியாவாக இருந்தால் குடிதண்ணீர் கேனிலிருந்தே எடுங்கள்.

பட்டை, கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று அந்தத் தண்ணீரில் பலரும் கொட்டுவார்கள். தவறில்லை, வாசனை தோலோடு நின்றுவிடும் என்பதால் நான் போடுவதில்லை. அதே மசாலாவைக் கடைசியில் எண்ணெயில் குழைத்துத் தடவினால் பத்து மடங்கு பலன் தெரியும். பூண்டு நாலு பல் நசுக்கிப் போடுங்கள், அவ்வளவு போதும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் வேண்டாம், இவ்வளவு நேரம் புளிப்பில் கிடந்தால் கறியின் மேல்பக்கம் மாவாகிவிடும்.

அரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி உப்பும் சர்க்கரையும் கரையவிட்டு, மீதி ஒரு லிட்டரைக் குளிர்ந்த தண்ணீராகவும் ஐஸ் கட்டியாகவும் சேருங்கள். ஐஸும் தண்ணீர்தான், அதையும் எடையில் கணக்குப் பண்ண வேண்டும். தண்ணீர் தொட்டால் ஜில்லென்று இருந்தால்தான் கோழி உள்ளே போகலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் நம் ஊர் வெயில். சித்திரையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரே கொதிக்கிற மாதிரி வரும், அந்தச் சூட்டில் பச்சைக் கோழியைச் சமையல் மேடையில் ஊறவைத்தால் நாம் வளர்ப்பது கிருமியைத்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அவை பெருகும். இந்த உப்பு அவற்றைக் கொல்லும் அளவு உப்பு இல்லை. எனவே எப்போதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்கள், அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரிக்கும். கோழி மிதந்தால் மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து அமுக்குங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், பால் காய்கறி மேல் ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது.

பிராய்லருக்கு ஐந்து ஆறு மணி நேரம். நாட்டு விடைக்கு எட்டு மணி நேரம் வரை போகலாம். காடைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. இதைத் தாண்டினால் கறி ஹாம் மாதிரி ஒரு ரப்பர்த் தன்மைக்குப் போய்விடும், உப்பும் தூக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மசாலா தடவி உறையவைத்து விற்கிற கோழிகளை ஊறவைக்கவே வேண்டாம், அவற்றில் ஏற்கெனவே உப்பு ஏற்றியிருப்பார்கள்.

ஃப்ரிட்ஜில் பாத்திரம் வைக்க இடமே இல்லை என்கிறவர்களுக்கு ஒரு மாற்று வழி. கோழி எடைக்கு நூற்றுக்கு ஒன்றரை பங்கு உப்பு, அதாவது 800 கிராமுக்கு 12 கிராம், உள்ளும் புறமும் தடவித் தட்டில் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். சாறு வெளியே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு, மறுபடி உள்ளேயே போகும். தோல் மொறுமொறுப்புக்கு இது ஒரு படி மேல், நெஞ்சுக்கறியின் ஈரத்துக்குத் தண்ணீர் முறை ஒரு படி மேல். காடைக்கும் மெலிந்த பிராய்லருக்கும் நான் தண்ணீர் முறையைத்தான் சொல்வேன்.

ஊறியதும் எடுத்து, வடித்து, சுத்தமான துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ ஒற்றி ஒற்றித் துடையுங்கள். கழுவ வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இன்னொரு முறைக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது. அப்புறம் ஒரு கம்பித் தட்டில் தோல் மேலே பார்க்க விரித்து, மூடாமல், மறுபடி ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க. இந்தக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், தோல் சவசவ ஆவதற்குக் காரணம் இதுதான். ஈரமான தோல் நெருப்பில் முதலில் அவியும், அந்த ஈரம் போன பிறகுதான் சிவக்க ஆரம்பிக்கும், அதற்குள் உள்ளே கறி வெந்து தாண்டிவிடும். காலையில் எடுத்துப் பார்த்தால் தோல் பட்டர் பேப்பர் மாதிரி இறுகி, அடியில் இருக்கிற சதை லேசாகத் தெரியும், விரல் வைத்தால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் பதம். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி, ஏழு மணிக்கு ஊறப்போட்டு, பன்னிரண்டு மணிக்கு வடித்து வைத்துப் படுத்தால் ஞாயிறு மதியத்துக்கோ சாயங்காலத்துக்கோ தயார்.

அடுப்புக்குப் பெரிய செலவு வேண்டாம். மொட்டை மாடியில் தளத்துக்குச் சூடு இறங்காமல் இருக்க முதலில் ஒரு அடுக்கு செங்கல் பரப்பி, மூன்று பக்கமும் மூன்று வரிசை உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை. காற்று வருகிற பக்கம் செங்கல் அடைத்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் மாடியில் நெருப்புப் போடவே வேண்டாம், பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் விழும். வலை வாங்கும்போது துத்தநாகம் பூசின வெள்ளி நிறக் கம்பி வலையைத் தொடாதீர்கள், அதிகச் சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வருகிற புகை உடம்புக்கு ஆகாது. கறுப்பு இரும்போ எவர்சில்வரோதான் வேண்டும். ஒன்றிரண்டு காடைக்கு என்றால் குமுட்டி அடுப்பே போதும். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்துவது மட்டும் கூடவே கூடாது. கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கரிக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி எளிதாகக் கிடைக்கும். இஸ்திரிக் கடைக்காரரைக் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்லிவிடுவார். நின்று எரியும், நல்ல சூடு. ஆரம்பத்தில் படபடவென்று வெடித்துப் பொறி விடும், தள்ளி நில்லுங்கள். ஒரு கோழிக்கு ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ கரி எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்குச்சி நாலைந்தைக் கீழே அடுக்கிப் பற்றவைத்து, மேலே கரியைக் குவித்து, விசிறியால் வீசினால் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை கறியில் ஏறும். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்து, தீ நாக்கு அடங்கின பிறகு எல்லாக் கரியையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். இன்னொரு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

கோழியைக் காலிப் பக்கத்தில், தோல் மேலே பார்க்க, கால்கள் நெருப்பைப் பார்க்க வையுங்கள். தொடைக்குச் சூடு அதிகம் வேண்டும், நெஞ்சுக்குக் குறைவு, இந்த ஒரு திருப்பத்திலேயே அது நடந்துவிடும். மேலே ஒரு பழைய அண்டாவையோ இட்லிக் குண்டானையோ கவிழ்த்து, அடியில் ஒரு குச்சியைச் செருகிக் காற்றுப்போக இடம் விடுங்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு முறை திறந்து, கால்கள் நெருப்புப் பக்கமே இருக்க இடது வலமாகக் கொஞ்சம் திருப்பிவிட்டு, கரி தணிந்திருந்தால் இரண்டு துண்டு போட்டு மறுபடி மூடுங்கள். சும்மா சும்மா திறந்து பார்த்தால் சூடு போய் நேரம் இழுக்கும். 800 கிராம் கோழிக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும். காடையை நேரடியாக மிதமான நெருப்பு மேல் திருப்பித் திருப்பிப் போட்டால் பதினைந்து நிமிஷத்துக்குள் ஆகிவிடும்.

இந்த நேரத்தில் மசாலாவைத் தயார் செய்யலாம். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், சோம்பு அரை ஸ்பூன், முண்டு வத்தல் ஐந்தாறு, எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசனை வர வறுத்துப் பொடித்து, பூண்டு ஆறு பல்லும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் வைத்து அரைத்து, நாலு ஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு போடவே கூடாது, கோழிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் விற்கிற சிக்கன் மசாலா பாக்கெட்டுகள் பலவற்றில் உப்பு சேர்ந்தே வரும், அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிரஷ்ஷாலோ வாழைத்தண்டுப் பட்டையாலோ மெல்லிசாகத் தடவி மூடுங்கள். அப்புறம் கோழியைத் தூக்கி, நேரடி நெருப்பு மேல், தோல் கீழே பார்க்க, இரண்டு மூன்று நிமிஷம். இங்கே கண்ணை எடுக்காதீர்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும், எழுந்தால் உடனே காலிப் பக்கம் நகர்த்தி, அடங்கினதும் திரும்பக் கொண்டு வாருங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் எழுந்து கோழியில் ஒட்டும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. நெஞ்சின் கனமான இடத்தில் எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், தொடையில் 80 காட்டினால் இன்னும் நல்லது, நார் இளகியிருக்கும். எலும்போரச் சிவப்பை வைத்து முடிவு பண்ணாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியும், கரிப்புகையிலும் கறிக்கு ஒரு ரோஜா நிறம் வரும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் தொடைச் சந்தில் குத்திப் பாருங்கள், வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும், காலைப் பிடித்து ஆட்டினால் மூட்டு தளர்ந்து ஆட வேண்டும்.

பச்சைக் கோழி வைத்த தட்டு வேறு, சுட்ட கோழிக்குத் தட்டு வேறு, இடுக்கியையும் கழுவிவிடுங்கள். எடுத்ததும் பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள், மூடினால் தோல் வியர்த்துத் தளர்ந்துவிடும். ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, சின்ன வெங்காயத்தை நீளமாக அரிந்து மேலே தூவி, வாழை இலையில் வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். பரோட்டாவும் சால்னாவும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முதல் நாலு வாய் கோழியை மட்டும் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள், முக்கியமாக நெஞ்சுக்கறியை. மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் அந்தக் கறியைப் பிய்த்துப்போட்டு வெங்காயம், மிளகுத்தூளோடு வதக்கினால் தோசைக்கு அருமை. எலும்பை முதுகெலும்போடு சேர்த்து ரசம் வைக்கும்போது உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், ஊறிய கோழியின் எலும்பிலிருந்தே பாதி உப்பு இறங்கியிருக்கும்.